பசித்தோர் எவரும்

பிப்ரவரி 3

அன்புள்ள கத்திரிக்கு,

உன் போன் எண் மாறிவிட்டது. உன் அண்ணனைப் பிடித்துக் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கினேன். "அவ பதில் போட மாட்டா, பாத்துக்கோ" என்றார். போடுவாய் என்று நம்பி எழுதுகிறேன். இத்தனை வருடம் பேசாமல் இருந்ததற்கு உன்னைத் திட்ட ஒரு முழுக் கடிதம் வேண்டும். அது பிறகு.

நம் திருவிருந்துப் பாடல் புதிய பாட்டுப் புத்தகத்தில் வரப்போகிறது. நம் சபையில் மட்டுமில்லை, எல்லாச் சபைகளிலும் பாடுவார்கள். விடுதியில் உன் கட்டிலில் உட்கார்ந்து எழுதினாயே, அந்தப் பாட்டு. எழுதிய வரிகளில் பாதியை நீயே வெட்டித் தள்ளியதால்தானே உனக்கு இந்தப் பெயர். முதலில் ஒரு பழைய மெட்டுக்குத்தான் எழுதினாய். அது எனக்குத் தூக்கத்தை வரவழைத்தது. அதனால் ஆர்கன் பெடலை மிதித்து மிதித்துப் புதிதாக ஒன்று போட்டேன், எனக்கு என் பெயர் வந்ததும் அப்படித்தான். புத்தகத்தில் இரண்டும் இருக்கும். முதல் மெட்டு என்னுடையது, இரண்டாவது பழையது.

புத்தகக் குழுவுக்குத் தலைவர் நம் போதகர். ஒரே ஒரு சொல்லை மாற்றக் கேட்கிறார். "பசித்தோர் எவரும் வாருங்கள்" என்பதைத் "தகுந்தோர் எவரும் வாருங்கள்" என்று. வாசித்துப் பார்த்தேன், மெட்டில் இடிக்கவில்லை. உன் சம்மதம் வேண்டும்.

கோபப்படாமல் யோசி. அம்மா உன்னை விசாரித்தாள்.

என்றும் உன்
பெடல்


பிப்ரவரி 19

பெடல்,

மருந்துக்கடையில் வேலை. முதலாளிக்கு மேல்தட்டு எட்டாது, எனக்கு எட்டும். அதுதான் என் தகுதி. பகல் முழுக்க மற்றவர்களின் வலிகளை டாக்டர்களின் கையெழுத்தில் படிக்கிறேன்.

இடிக்கவில்லையா?

நான் என் கணவரை விட்டு வந்த மாதம். திருவிருந்து ஞாயிறு. பீடத்தின் முன் முழங்காலிட்டுக் கை நீட்டினேன். போதகர் என் இடப்பக்கத்து அம்மாவுக்கு அப்பம் கொடுத்தார். வலப்பக்கத்து அம்மாவுக்குக் கொடுத்தார். நடுவில் என் கை.

நம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். என்னால் எழ முடியவில்லை. பாட்டு முடிந்தது. நீ முதல் சரணத்தை மறுபடி ஆரம்பித்தாய்.

பசித்தோர் எவரும் வாருங்கள்.

அந்தச் சொல் அங்கே இருக்கும்வரை போதகர் செய்தது தப்பு. அதை மாற்றிவிட்டால் அவர் செய்தது சரி. இதற்கா என் சம்மதம்?

கிடையாது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

கத்திரி


மார்ச் 2

என் கத்திரிக்கு,

இதைச் சொல்ல உனக்கு நாலு வருடம் ஆனதா? ஒரு நாள் வந்து என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

ஆர்கன் வாசிக்கிறவளுக்குப் பீடம் முதுகுப்பக்கம். தலைக்கு மேல் மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியில்தான் எல்லாம் தெரியும். கடைசி ஆள் எழும்வரை வாசிக்க வேண்டும், நிசப்தத்தில் ஒருவரை முழங்காலில் விடக் கூடாது. எனக்குச் சொல்லித் தந்தது அதுதான். கண்ணாடியில் ஒரு முதுகு மட்டும் மிச்சம் இருந்தது. உன் முதுகு எனக்குத் தெரியாதா? நிறுத்தியிருந்தால் சபை முழுக்க உன்னைத்தான் பார்த்திருக்கும். உன்னை மூடி வைக்கத்தான் வாசித்தேன். என்னிடம் வேறு போர்வை இல்லை.

நேற்று குழுவில் பேசினேன். "எழுதினவங்க வேண்டாங்கறாங்க ஐயா" என்றேன். பொருளாளர், "ஒரு சொல்தானேம்மா, என்னமோ சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை. "யோசிப்போம்" என்றார்.

நான் விட மாட்டேன்.

உன்
பெடல்


மார்ச் 15

அன்புள்ள பெடல்,

கடைக்குப் பின்னால், பெட்டிகள் அடுக்கும் அறையில் நின்று உன் கடிதத்தைப் படித்தேன். போர்வை என்ற இடத்தில் கொஞ்ச நேரம். திரும்பி வந்து, இருமல் மருந்து கேட்டவருக்குக் கண் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "இது நீங்க போட்டுக்க வேண்டியதும்மா" என்றார்.

மெட்டுக்கு இரண்டு சொல்லும் ஒன்றுதான். அதன் மேல் எனக்கு வருத்தமில்லை. நீ மெட்டு இல்லை. உனக்கு வித்தியாசம் தெரியும்.

சொல் நிற்குமானால் சம்மதம். புத்தகம் வெளியாகும் ஞாயிறு வருகிறேன். பீடத்துக்கு வர மாட்டேன். பழைய மாதிரி உன் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் திருப்புகிறேன்.

நிற்காது என்றால், பாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். இரண்டு பேரும் சேர்ந்து. இந்த ஒன்றுதான் கேட்கிறேன்.

ஊக்க மாத்திரை எதுவும் வேண்டுமா? எனக்குத் தள்ளுபடி உண்டு.

உன்
கத்திரி


ஜூலை 8

கத்திரி,

புத்தகம் வெளியாகிவிட்டது. உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட முடியவில்லை.

கடைசிக் கூட்டத்தில் போதகர் என்னைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டே வழிதாம்மா. பாட்டையே எடுத்துடலாம். இல்லேன்னா அவங்க பேரை எடுத்துட்டு, சொல்லை மாத்திப் போடலாம். அவங்க இங்க வந்து கேக்கப் போறதில்ல. நீங்க என்ன சொல்றீங்க?"

அச்சில் ஏறப்போகிற என் ஒரே மெட்டு அது. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆர்கன். இதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. பாட்டு போனால் நாம் சேர்ந்து செய்த எதுவுமே மிச்சமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். முழு உண்மை இல்லை.

தலையாட்டினேன்.

பக்கத்தின் அடியில், "இயற்றியவர் அறியப்படவில்லை" என்று இருக்கிறது. அதன் கீழே "முதல் மெட்டு" என்று போட்டு என் பெயர். ஒரு பிரதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரியவேண்டாம்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பெடல்


ஆகஸ்ட் 30

பெடலுக்கு,

புத்தகம் கிடைத்தது. அட்டை நன்றாக இருக்கிறது.

போன ஞாயிறு, கடைக்கு எதிரே உள்ள சபைக்குப் போனேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திருவிருந்துக்கு யாரும் எழுந்து போக வேண்டாம். அப்பத் தட்டு வரிசை வரிசையாகக் கைமாறி வரும். நம் பாட்டின் எண்ணைச் சொன்னார்கள்.

உன் மெட்டு இல்லை. பழைய மெட்டில்தான் பாடினார்கள். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் விடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். நீ உன் கடிதத்தில் எதையும் மறைக்கவில்லை. நானும் மறைக்கவில்லை.

என் வாய் "பசித்தோர்" என்று பாடிவிட்டது. பக்கத்திலிருந்த அம்மா தன் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, விரல் வைத்துக் காட்டினார்.

"தகுந்தோர்ம்மா. சபைக்குப் புதுசா? போகப் போகப் பழகிடும்."

அன்பாகத்தான் சொன்னார்.

பிறகு தட்டு வந்தது. அந்த அம்மாவே நீட்டினார். நான் யார், என்ன என்று யாரும் கேட்கவில்லை. வாங்கினேன். அப்பத்தை எடுக்காமல் தட்டை அடுத்தவர் கையில் கொடுத்தேன். அங்கே என்னை யாரும் தாண்டிப் போகவில்லை. நானே என்னைத் தாண்டிவிட்டேன்.

வெளியே வந்தபோது வெயில். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. படியில் உட்கார்ந்திருந்தேன்.

இனி எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருந்தால் இன்னும் எழுதுவேன்.