அடுப்பருகே ஒரு நாற்காலி

ஐப்பசி, புதன்கிழமை. இரணியல்.

எங்கள் சிப்ஸ் யூனிட்டில் காலையில் முதல் சட்டி பாடத்துக்கு என்று நான் வைத்து ஒரு மாதம் ஆகிறது. யாராவது ஒருத்தி தன் வேலையை இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பொரிக்கிற தங்கபாய் அக்காதான் பிடிகொடுக்காமலே இருந்தார். இன்று என்ன தோன்றியதோ, பாக்கெட் போடும் சுனிதாவைக் கூப்பிட்டுக் கரண்டியைக் கொடுத்துவிட்டார்.

"எண்ணெயில உப்புத்தண்ணி விட்டா சளசளன்னு பொங்கும். பயப்படாத ஏட்டி. சத்தம் அடங்கினதும் கோரு."

சுனிதா கோரினாள். ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் நன்றாகவே வந்திருந்தது. நாள் முழுக்க அவளையே பொரிக்கச் சொல்லிவிட்டு அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

சாயங்காலம் என்னிடம் வந்தார். "மக்கா, மகளுக்க பேறுகாலத்துக்குப் பத்து நாள் போவட்டா?"

இதுவரை அவர் லீவே கேட்டதில்லை. அவர் வராவிட்டால் அடுப்பு எரியாது, அதனால்தான். "தாராளமா போங்கக்கா" என்றேன்.

வாசல் வரை போனவர் திரும்பினார். "நான் வந்தா எனக்க அடுப்பு எனக்குத்தானே?"

"பின்ன யாருக்கு?" என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எல்லார் முன்னாலும் சொல்லவேண்டிய வார்த்தை அது. நாளை முதல் சட்டிக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய ஏப்ரனில் இன்று ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை. ஆனாலும் அதைத் துவைத்து, அவருடைய ஆணியில் காயப்போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்.