பாத்திகுல் மகனுக்காக ஒரு பச்சைச் சேலை

அன்பு மகள் எப்சிபாவுக்கு, ஒக்கலிபுரத்திலிருந்து அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் முழங்கால் ஒன்றைத் தவிர எனக்கு எல்லாம் சுகம், இஸ்தான்புல் குளிரில் உன்னையும் அவர் கைவிடாமல் வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தைக்கே அழுதுவிடுகிறேன், நீயும் "அம்மா, அழுதா ஒண்ணும் கேக்கல" என்று அலுத்துக்கொள்கிறாய், அதனால்தான் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். இங்கே மத்தியானமானால் தூறல் பிடித்துக்கொள்கிறது. கட்டிலில் சாய்ந்தால் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற ரயில் என் தலையணைக்குள்ளேயே ஓடுவதுபோல் இருக்கிறது, அப்படியே கண் சொக்கிவிடும். அது தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை. அந்த நேரத்தில் நீ சொல்லிச் சொல்லி நான் கேட்ட அந்த உய்குர் நாடு வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் நெட்டையான மரங்கள் நிற்கிற சாலை, மொட்டை மாடிகளில் காயப்போட்ட மஞ்சள் மஞ்சளான பழங்கள், எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம், அந்தச் சாலையில் ஒரு பையன் மெதுவாக நடந்து போய்க்கொண்டே இருக்கிறான். பாத்திகுல்லின் காணாமல்போன மகன்தான் அவன் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்தும் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊரைவிட்டு இஸ்தான்புல்லுக்கு ஓடிவந்திருக்கிற அந்த உய்குர் ஜனங்களிடம் நீ ஊழியத்துக்குப் போனதிலிருந்து நம் சபைப் பெண்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவர்களை மறந்ததே இல்லை. உன் தையல் வகுப்புக்கு வருகிற பாத்திகுல், ஊரில் மகனை சர்க்கார் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனபிறகு அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் வருஷக்கணக்காகத் தவிக்கிறவள், எங்களை வீடியோவில் பார்க்கச் சம்மதித்தாள் என்று நீ சொன்னதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஜோசஃபின் அக்காதான் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி ஆயிற்றே, எல்லோரும் இருப்பதிலேயே நல்ல வெள்ளைச் சேலையில் வரவேண்டும் என்று கட்டளை போட்டாள். கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டி, முந்தானையால் முக்காடு போட்டு உட்கார்ந்தோம். உன் வீடியோ கால் வருவதற்குள்ளேயே ஜெபம் சூடு பிடித்துவிட்டது. நம் சபை உனக்குத் தெரியாதா, ஒருத்தி அழ ஆரம்பித்தால் மற்றவளுக்கும் பொறுக்காது. திரையில் அந்த அம்மாளின் முகம் வந்தது, எங்களைப் பார்த்தாள், அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கத்தினாள், அவ்வளவுதான், அடுத்து உன் வீட்டு விட்டம் தெரிந்தது, கால் கட்டாகிவிட்டது.

வெள்ளை முக்காடு போட்டுப் பெண்கள் அழுதால் அவர்கள் வழக்கத்தில் அது சாவு வீடு என்று நீ பிறகு சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. மகன் போய்விட்டான், அந்தச் செய்தி எப்படியோ எங்களுக்கு வந்துசேர்ந்து, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்துவிட்டாளே பாவி மகள். ஆறுதல் சொல்லப் போய் அவள் பிள்ளையைக் கொன்றுவிட்டு வந்தோம். நீ எத்தனை முறை போய் விளக்கியும் கதவைத் திறக்கவில்லை என்றாய். எப்சி, கதவைத் தட்டிக்கொண்டே நிற்காதே. ஏதாவது சமைத்து வாசலில் வைத்துவிட்டு வந்துவிடு, துண்டுப்பிரதி கிண்டுப்பிரதி ஒன்றும் அதோடு வைக்காதே.

போன வெள்ளி இதைச் சபையில் சொன்னேன். பாஸ்டருக்கு முகம் விழுந்துவிட்டது. "இத்தனை வருஷ ஜெபத்துக்கு ஒரு ஆத்துமா கிட்ட வந்துச்சு, அதையும் பயமுறுத்தி ஓட்டிட்டீங்களே" என்றார். வெள்ளை தவிர வேறு நிறத்தில் யாராவது வந்தால் வாசலிலேயே முறைக்கிற ஜோசஃபின் அக்கா எழுந்து, "ஆத்துமா அப்புறம் இருக்கட்டும் ஐயா, மொதல்ல அவ புள்ள உசுரோட வரட்டும். நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் கலர் சேலையில வாங்க, ஒரு போட்டோ எடுத்து எப்சிக்கு அனுப்பலாம்" என்றாள். மறுநாள் பீரோவைத் திறந்து அப்பா வாங்கிக் கொடுத்த பச்சைப் பட்டுச் சேலையை எடுத்தேன். அவர் போனபிறகு அதை நான் தொட்டதில்லை. கண்ணாடியில் யாரோ ஒருத்தி நிற்பது போலிருந்தது, கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் அழுகை. எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா பார்த்துவிட்டு "ஏனம்மா, விசேஷா?" என்று அவள் பாஷையில் என்ன விசேஷமென்று கேட்டாள். ஒரு பையன் உயிரோடு இருக்கிறான், அதற்குத்தான் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வழியெல்லாம் ஒன்றே ஒன்று மனதில் ஓடியது. இந்தப் பாத்திகுல் கடைசிவரை நம் ஆண்டவரிடம் வராவிட்டால் நான் அவள் மகனுக்காகக் கேட்பதை நிறுத்திவிடுவேனா? மாட்டேன். அவள் கையேந்தி அவள் வழியில் கேட்கட்டும், நான் முழங்காலில் நின்று என் இயேசுவிடம் கேட்கிறேன். ஊழியத்தில் இருக்கிற உனக்கு இது சரியாகப் படாமல் போகலாம், ஆனாலும் என் மனது இதுதான்.

இதுவரை எழுதிவிட்டு உலை வைக்கப் போனேன், அதற்குள் உன் மெசேஜ். நாலைந்து தடவை படித்துவிட்டேன். கதவு திறந்தாளாமே. எங்கள் போட்டோவை வாங்கி ஒவ்வொருத்தியாக வெகுநேரம் பார்த்து, என் மேல் விரலை வைத்து, இவள் புருஷன் இறந்துவிட்டார் என்றாயே, பிறகு எதற்கு இந்தப் பச்சை என்று கேட்டாளாமே. உங்கள் மகனுக்காகத்தான் என்று நீ சொன்னதும் தரையில் உட்கார்ந்து அழுதாளாம். இத்தனை வருஷமும், தான் அழுதால் அவன் செத்தது உறுதியாகிவிடும் என்று பயந்து ஒரு சொட்டுக்கூட விடாமல் இருந்தவள் அவள் என்று இப்போதுதானே தெரிகிறது. வெள்ளிக்கிழமை எங்களைக் கூப்பிடும்படி அவள் உன்னிடம் சொன்னதை ஜோசஃபின் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். "அழணும்னா அழட்டும், ஆனா இதே நிறத்துல வந்து அழட்டும்" என்று பாத்திகுல் சொன்னதாக நீ எழுதியதையும் வரி மாறாமல் சொன்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் போனில் சொல்லிவிடாதே, யார் காதில் விழுந்து அவனுக்கு என்ன ஆபத்து வருமோ, எங்களுக்குத் தெரிய வேண்டாம். கர்த்தர் உன்னையும், உன்னோடு அந்தத் தாயையும் தம் சிறகுக்குள் வைத்துக் காக்கட்டும். வெள்ளிக்கிழமை போனை ஆடாமல் பிடி, அவள் முகத்தை நான் நன்றாகப் பார்க்க வேண்டும்.

உனக்காகவும் அவனுக்காகவும் முழங்காலில் நிற்கும்
உன் அம்மா,
ஜெயசீலி