செம்புத் தகடு எந்தப் பக்கத்திலிருந்து

திருத்தணி
பார்த்திப வருஷம், ஆடி 3

சிரஞ்சீவி நீலமேகத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. மலைமேல் இருப்பவன் தயவில் இங்கே எல்லோரும் சௌக்கியம், கடலில் நீயும் அப்படியே என்பது உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் என் மனசுக்குப் படுகிறது. நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். சனிக்கிழமை காலையில் கூடத்தில் இருந்தவர்கள் உன் நைனா, நான், உன் தங்கை அம்மு, அரக்கோணத்திலிருந்து வந்த ஈயம் பூசுகிற சத்தார் பாய், ஆக நாலு பேர். நடுவில் நீ பாதியில் விட்டுப்போன மரக்கப்பல்.

நீ சொல்லாமல் கப்பற்படையில் சேர்ந்த நாளிலிருந்து உன் நைனா அதைத் தொட்டதில்லை, உன் பேரையும் சொன்னதில்லை. உன் கடிதங்களை நான் அடுப்பங்கரையில் உரக்கப் படிப்பேன், அவர் கூடத்தில் உளி தீட்டிக்கொண்டிருப்பார். வைகாசியில் நீ காய்ச்சலாய்ப் படுத்திருந்ததைப் படித்தபோது தீட்டும் சத்தம் நின்றுவிட்டது. மறுநாள் பரணிலிருந்து கப்பலை இறக்கினார். கடல்புழு மரத்தை அரிக்காமல் இருக்க அடிப்பாகத்தில் செம்புத் தகடு போர்த்துவார்கள் என்று நீ ஒரு சமயம் சொன்னாயே, அதை ஞாபகம் வைத்திருக்கிறார். நம் ஓட்டை வெந்நீர்த் தவலையைச் சத்தார் பாய் மெல்லிசாகத் தட்டிக்கொடுத்தார். உன் நைனா அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டி, மரவேலைக்கு வைத்திருக்கும் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒவ்வொன்றாக ஒட்டினார், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு, நான் எண்ணி எழுதி வைத்திருக்கிறேன்.

இனி என் தப்பு. வெள்ளிக்கிழமை அவர் வேலையாக வெளியே போயிருந்தார். பூஜைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தேன், பக்கத்தில் தகடுகள் கறுத்துக் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை, ஆடிக் கிருத்திகைக்குப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று கப்பலையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். அந்தப் பசை ஈரம் தாங்காது என்று எனக்குத் தெரியாது. காலையில் சத்தார் பாயிடம் காட்ட உன் நைனா அதைத் தூக்கினால் தகடெல்லாம் மீன் செதில் மாதிரி உதிர்ந்தது. நான் அழுதுவிட்டேன். உன் நைனா ஒரு தகட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு, “இன்னாமே, நீலமேகம் கப்பலு கடலுக்கே போவல, புளித்தண்ணியிலயே முழுவிப்பூடுச்சே” என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு உன் பேர். அம்மு என் கையைக் கிள்ளினாள். சத்தார் பாய் ஒன்றும் தெரியாதவர்போல, “அக்கா, அடுத்தவாட்டி மொளகும் சேத்துடுங்க, ரசமாவது ஆவும்” என்றார்.

இந்த முறை பசை வேண்டாம், சின்ன ஆணியாக அடிக்கலாம் என்று முடிவாயிற்று. ஒன்றின் ஓரத்தின்மேல் அடுத்தது ஏற வேண்டுமாம், அதனால் எந்தப் பக்கம் தொடங்குவது என்பதில்தான் வம்பு. உன் நைனா முன்மூக்கிலிருந்து என்கிறார். சத்தார் பாயோ, “அப்டி வச்சா தண்ணி ஓரத்துல பூந்து தகட்ட தூக்கிடும்ணே, பின்னாலருந்து வாங்க” என்கிறார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு உன் நைனா, “நாம ரெண்டு பேரும் கடல பாத்தவங்களா இன்னா? கப்பல்ல கீறவன கேட்டு எழுது” என்று எழுந்துபோய்விட்டார். தகடுகள் டப்பாவில் இருக்கின்றன. அன்றிலிருந்து, நான் இதை எழுதி முடிக்கும் முன்னமே, தபால்காரர் வரும் நேரத்துக்கு அவரே வாசலில் நிற்கிறார்.

இதனுடன் விபூதிப் பொட்டலம் வைத்திருக்கிறேன், குளித்ததும் இட்டுக்கொள், ஈரத் தலையோடு காற்றில் நிற்காதே. முருகன் உனக்கு நீண்ட ஆயுசும் சீக்கிரத்தில் ஒரு லீவும் கொடுக்கட்டும். முன்பக்கமா பின்பக்கமா என்பதை எனக்கு எழுதாதே, நைனா பேருக்கே எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
ஜம்பகம்