மீனைத் திருப்பியவள்

மே 6
லின் முதலாளி வீட்டில் விருந்து. அலோன் துறையில், கிடங்குக்கு மேல்மாடியில். சமையலுக்குச் சேரும்போதே முதலாளியம்மா சீன வழக்கமெல்லாம் சொல்லித் தந்திருந்தாள். எதையும் இரு கையால் கொடு, இரு கையால் வாங்கு. சோற்றில் குச்சியை நட்டு வைக்காதே, அது சாவுச் சோறு. மீனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. விருந்தாளிகள் ஒரு பக்கம் தின்று முடித்ததும், நம் வீட்டில் செய்வதுபோல் மீனைக் கரண்டியால் திருப்பிப் போட்டேன். படகுக்காரர்கள் மேஜையில் மீனைத் திருப்பினால் படகு கவிழுமாம். நடுமுள்ளைத்தான் எடுக்க வேண்டுமாம். எல்லார் முன்னாலும் லின் அறைந்தான், பாவி. உதடு கிழிந்துவிட்டது. வேலையை விட்டுவிடலாம் — ஆனால் தம்பி அப்பாசாமியும் அவன் படகில்தானே மூட்டை ஏற்றுகிறான்?

மே 7
கன்னம் வீங்கிவிட்டது. அவன் கை விளங்காமல் போக.

மே 11
லின்னுடைய சரக்குப் படகு காற்று மழையில் கவிழ்ந்துவிட்டது. தம்பி நீந்திக் கரையேறினான். அவனோடு மூட்டை ஏற்றும் கோ மின்னையும் ஜுல்ஃபிகரையும் பிணமாகத்தான் இழுத்தார்கள்.

“சிமெண்டு மூட்டை அதிகம்னு சொன்னேன்க்கா. ஏத்துடான்னு மொதலாளி ஒதைச்சான்.”

மே 12
துறையில் நின்று லின் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான்: சமையல்காரி மீனைத் திருப்பினாள், அதனால்தான் கவிழ்ந்தது. உடனே படகு ஆட்கள் தம்பியைச் சூழ்ந்துகொண்டார்கள். நேற்றுவரை அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்! மூட்டை இழுக்கும் கொக்கியை அவன் வலது தோளில் இறக்கிவிட்டார்கள். நான் கட்டியிருந்த லோஞ்சியெல்லாம் அவன் ரத்தம். மீனா கொன்றது? ஐயோ, மீனா?

மே 15
அடுத்த படகு கிளம்புமுன் லின் துறையிலேயே ஆட்களுக்கு விருந்து வைத்தான். கரண்டியோடு உள்ளே புகுந்தேன். மேஜை மேஜையாகப் போய் எல்லா மீனையும் திருப்பிப் போட்டேன். “மீன்தானே கவுக்குது? இந்தா, கவுத்துட்டேன். இப்ப எவன் ஏறுறான், ஏறுங்கடா!” லின் தட்டை எடுத்து என் நெற்றியில் அடித்தான். கண்ணில் ரத்தம் வழிய, கரண்டியால் அவன் வாயில் ஒன்று போட்டேன். பல் போயிருக்கும். போகட்டும்.

ஒருத்தனும் படகில் ஏறவில்லை.

மே 18
பசுந்தாங்கில் எங்கள் வீடு தேடி முதலாளியம்மா வந்தாள். ஆரஞ்சுப் பழங்களை இரு கையாலும் நீட்டினாள்.

“மா பாமா, இன்னும் யாரும் ஏற மாட்டேங்கிறாங்க. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு.”

“ஒங்க வீட்டுக்காரர் சொல்லட்டும். மூட்டைதான் கவுத்துச்சுன்னு, அதே துறையில நின்னு.”

பழத்தை இடது கையால் வாங்கிக்கொண்டேன்.

மே 20
லின் சொல்லிவிட்டான், எல்லார் முன்னாலும், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. பாதி மூட்டையோடு படகு போனது.

மத்தியானம் முழு மீனாக வறுத்து வைத்தேன். தம்பியால் வலது கையைத் தூக்க முடியவில்லை. ஒரு பக்கம் தின்று முடித்ததும் திருப்பப் போனேன்.

“வேணாம்க்கா” என்றவன், இடது கையால் நடுமுள்ளை மெல்ல எடுத்தான்.