தாமதமாக வரும் சமாதானம்

அக்கா,

இன்று காலை சர்ச் ஹாலில் அந்தப் பழைய டிவியைப் போட்டார்கள். தூசி சூடாகி ஒரு வாசனை வருமே, அது வந்ததும் உங்கள் ஞாபகம்.

போன வாரம் ஒரு கூத்து. பூசைதான் நெட்டில் நேரலையாகப் போகிறதே, பீடத்துக் கேமராவிலிருந்து ஹால் டிவிக்குத் தனி வயர் எதற்கு என்று கமிட்டி அதைக் கழற்றிவிட்டு டிவியிலும் நெட்டையே வைத்தது. படம் பளிச்சென்று இருந்தது, ஆனால் நின்று நின்று, நிமிடக்கணக்கில் பிந்தி வந்தது. டிவியில் ஃபாதர் இன்னும் பீடத்தில் அப்பத்தை உயர்த்திக்கொண்டிருக்கிறார். அவரே நற்கருணைப் பாத்திரத்தோடு ஹால் வாசலில் வந்து நிற்கிறார். பாதிப் பேர் டிவிக்கு முன்னால் முழங்காலில், பாதிப் பேர் வரிசையில். நீங்கள் இருந்திருந்தால் சிரித்தே இளைப்பு வந்திருக்கும். இந்த வாரம் வயர் திரும்பி வந்துவிட்டது.

சாம்பிராணிப் புகை ஒத்துக்கொள்ளாமல்தான் நீங்கள் ஹாலில் உட்கார ஆரம்பித்தீர்கள். கைக்குழந்தையோடு நான் பக்கத்து நாற்காலி. "பெருங்களத்தூர்லேருந்து எதுக்கு அலையறீங்க? வீட்லயே போன்ல பாத்துக்கலாமே" என்று கமிட்டி சார் ஒருநாள் கேட்டார். "பாத்துக்கலாம் சார். சமாதானம் யாருக்குச் சொல்றது, செவுத்துக்கா?" என்றீர்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பிச் 'சமாதானம்' சொல்லும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் தாம்பரத்துக்கு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தீர்கள்.

கடைசியில் படுத்த படுக்கையாகி, போனில்தான் பார்க்க வேண்டியதாயிற்று. உங்களைவிட எனக்குத்தான் வருத்தம் அதிகம். முதல் ஞாயிறு, ஹாலில் நாங்கள் கைகூப்பி முடித்து அடுத்த பாட்டும் பாதி போய்விட்டது. பைக்குள் போன் அதிர்ந்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"சமாதானம்டி. இங்க இப்பத்தான் வந்துது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். எல்லோருக்கும் முடிந்த பிறகு எனக்கு மட்டும் தனியாக ஒன்று வரும். யாருக்கும் கேட்காமல் நானும் திருப்பிச் சொல்வேன். அந்த ஞாயிறுகளில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை அக்கா.

இன்று வயரில் எல்லாம் நேரத்துக்கு வந்தது. சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் சமாதானம் சொன்னேன். அவர்கள் டிவி பக்கம் திரும்பிப் பாட ஆரம்பித்த பிறகும் நான் கூப்பிய கையை எடுக்கவில்லை. என் மகள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"முடிஞ்சிடுச்சும்மா."

"நமக்கு இன்னும் வரலடி" என்றேன்.