டத்தோவுக்கு சலாம் பழக்கிய கதை

வெள்ளி, 12 செப்டம்பர்

காலையில் புகைமூட்டம். பாச்சாங் சாலை விளக்கெல்லாம் மங்கல். ரெம்பியா பக்கம் ஃபேக்டரி ஆட்களை ஏற்றி, இறக்கி, பஸ்ஸைக் கழுவி, பிறகு மனைவி சரோஜாவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சீனப் பெண் இன்று என்னைத்தான் பிடித்தாள். மலாயில் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்: "அங்கிள், நீங்க ரொம்பப் பேசுறீங்க. ஆன்ட்டி கண்ணைக் காட்டுனா தண்ணி வந்துடுது. அப்புறம் அவங்க எதுக்குப் பேசணும்? வாயத் தொறந்தாதான் நடக்கும்னு ஒரு வேலை குடுங்க."

ஸ்ட்ரோக் வந்த பிறகும் சரோஜாவுக்கு எல்லாம் புரிகிறது. நடக்கிறாள், தொங்காட் தடியை ஊன்றி. வலது கை சரியில்லை. பேச்சு மட்டும் இல்லை. ஒரு "ம்" உண்டு. அதுவும் கோபம் வந்தால் கிடையாது.

சாயங்காலம் மலர் கோலாலம்பூரிலிருந்து போன். "ப்பா, தீபாவளிக்கு முன்னால ஒரு முடிவு எடுக்கணும். இங்க என் வீட்டுப் பக்கத்துலயே சென்டர் இருக்கு. அம்மாவ நான் கூட்டிக்கிறேன்."

"நான்?"

"நீங்க பஸ் ஓட்டணும்லப்பா."

நல்ல பிள்ளைதான். அதுதான் கஷ்டம். சண்டை போட முடியவில்லை.

சனி, 13 செப்டம்பர்

யோசனை வந்துவிட்டது. பூனை.

டத்தோ என்று, அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர் மாதிரி, பெயர் வைத்தது சரோஜா. வாசலில் முதல் தடவை வந்து நின்றபோதே ரிப்பன் வெட்ட வந்த ஆள் மாதிரி நின்றானாம். அன்றிலிருந்து மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். "டத்தோ, வாங்க. சாப்பிட வாங்க." எங்கிருந்தாலும் ஓடி வருவான். இப்போது கூப்பிட ஆளில்லை. தொங்காட் சத்தத்துக்கும் பயம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காக் சோமின் மதிலே கதி.

திட்டம்: வா, உட்காரு, சலாம். மூன்றையும் நான் பழக்க வேண்டியது. பிறகு உத்தரவு போடுவது சரோஜா. அவள் வாயைத் திறந்தால்தான் டத்தோ நகர்வார்.

கைப்பேசியில் வீடியோ பார்த்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே ஒரு தின்பண்டம். அவ்வளவுதான் வித்தை. சத்தத்துக்கு என் பால்பாயிண்ட் பேனா. தின்பண்டத்துக்குக் காய்ந்த நெத்திலி, ஒரு டின்.

இன்று கற்றது. டத்தோ: ஒன்றுமில்லை. நான்: தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழ முடியாது.

திங்கள், 15 செப்டம்பர்

மத்தியானம் மழை. புகை கொஞ்சம் குறைவு.

உட்கார்ந்தான்! "உக்காரு" என்றதும் பின்பக்கம் தரையில் பட்டது. டிக். நெத்திலி. மறுபடியும். மூன்றாம் படிவம் தாண்டாத நான் ஒருவனுக்கு வாத்தியார்.

சரோஜா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இடது கையை நீட்டினாள். பேனா வேண்டுமாம். கொடுத்தேன். கட்டை விரலால் அமுக்கினாள். டிக். டத்தோ திரும்பினான். தொங்காட்டை மறந்து அவள் காலடி வரை வந்தான்.

அவள் சிரித்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும். நான் சமையலறைக்குப் போய்விட்டேன், சும்மா, அடுப்பைப் பார்க்க. அடுப்பில் ஒன்றுமில்லை.

செவ்வாய், 16 செப்டம்பர்

லீவு. மலேசியா தினம். காக் சோம் பொரித்த வாழைப்பழம், பிசாங் கோரெங், கொண்டு வந்தாள். காலை முழுக்கப் பழக்கியதில் அவளுக்கு டத்தோ சலாம் கொடுத்தான். முன்காலைத் தூக்கி அவள் விரலில் வைத்தான். அவளும் குனிந்து முறைப்படி தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "என் பேரன்கூட இவ்ளோ ஒழுங்கா செய்ய மாட்டான்லா!"

அவள் போன பிறகு சரோஜாவின் உதடு 'ட' என்று திறந்தது. சத்தம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

பரவாயில்லை. இன்னும் ஒரு வாரம் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இடது கையால் காலண்டரைக் காட்டினாள். பிறகு மீன் சட்டியை. பிறகு ஸ்டோர் ரூமை.

நாளை புரட்டாசி.

ஆறாம் வகுப்புப் பையன்கூட காலண்டர் பார்த்துவிட்டு நெத்திலி டின்னைத் திறந்திருப்பான். ஒரு மாதம் வீட்டுக்குள் மீன் வாசனையே ஆகாது. பூனை பிஸ்கட்டுக்கும் தடை, பையில் மீன் படம் போட்டிருக்கிறது. ஒவ்வொரு புரட்டாசியும் டத்தோவுக்குச் சாப்பாடு காக் சோம் வீட்டில்தான். எல்லாம் தெரிந்தே மறந்தேன்.

சட்டியெல்லாம் ஸ்டோர் ரூமில். நெத்திலி டின் காக் சோமிடம்.

வியாழன், 18 செப்டம்பர்

வெயில். டத்தோ வேலைநிறுத்தம்.

கொடுத்துப் பார்த்தவை:
தௌஃபு, சோயாக் கட்டி - முகர்ந்தான், போய்விட்டான்.
தயிர் - மீசையை ஒரு நக்கு, அவ்வளவுதான்.
அப்பளம் - சத்தத்துக்குப் பயந்தான்.
சீனர் சைவக் கடை 'மீன்' - பக்கத்தில் தரையைப் பிறாண்டினான், மலத்தை மூடுவது மாதிரி. சமைத்த எனக்கு அது போதும்.

காக் சோம் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "உங்க டத்தோ இங்கதான். விரதம் புடிக்கலயாம், கட்சி மாறிட்டாரு."

சிரித்தேன். உள்ளே வந்தால் சரோஜா வாசல் கதவருகே நாற்காலியில். கையில் பேனா. டிக். டிக். கொஞ்சம் நிறுத்தி, மதிலைப் பார்த்து, மறுபடி டிக்.

போதும் என்று பேனாவை வாங்கப் போனேன். விடவில்லை.

சனி, 20 செப்டம்பர்

முதல் சனி. பெருமாள் கோயிலில் கூட்டம். பஸ் ஓட்டுகிற நானே பார்க்கிங் கிடைக்காமல் இரண்டு சுற்று.

தீபாராதனையில் எல்லோரும் "கோவிந்தா!" என்று கத்தினார்கள். சின்னதுகள் எல்லாம் தொண்டை கிழிய. இந்தக் கூச்சலில் தன்னை மறந்து ஒரு தடவை அவளும் சொல்லிவிடுவாள் என்று நம்பி வந்தேன். பெருமாளைப் பார்க்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உதடு அசைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. சத்தம் வரவில்லை.

துளசியை அவள் கையில் வைத்த ஐயர், "என்னம்மா, சௌக்கியமா?" என்றார். பதிலை நான் சொன்னேன். வழக்கம் போல.

செவ்வாய், 23 செப்டம்பர்

பஸ்ஸுக்கு பிரேக் சரி பார்க்க வேண்டும். மறக்கக்கூடாது.

மலர் போன். சனிக்கிழமை வருகிறாள். சென்டரில் இடம் இருக்கிறதாம், கையோடு கூட்டிப் போகலாமாம்.

"கொஞ்சம் பொறும்மா. டத்தோ உக்காருறான், சலாம் குடுக்குறான். அம்மா கிட்டத்தட்ட..."

"ப்பா. பூனைக்குச் சொல்லிக் குடுத்தா அம்மா பேசிடுவாங்களா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

சரோஜா பக்கத்தில்தான் இருந்தாள். கேட்டிருப்பாள். சாப்பாட்டைப் பாதியில் தள்ளி வைத்தாள்.

வெள்ளி, 26 செப்டம்பர்

சரோஜாவின் துணிகளை மடித்து வைத்தேன். பச்சைச் சேலை, நைட்டி, ஸ்வெட்டர். கோலாலம்பூர் ஏசி அவளுக்கு ஆகாது. அந்த ஸ்வெட்டரை எடுத்துத் திரும்பவும் அலமாரியில் போட்டாள். எடுத்து வைத்தேன். போட்டாள். அப்படியே விட்டுவிட்டேன்.

டத்தோ மதில் மேல். பார்த்தான். வரவில்லை.

சனி, 27 செப்டம்பர்

வெளியே வாசல் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

இரண்டாம் சனி. காலையில் குளித்து, நாமம் போட்டு, விளக்கேற்றினேன். மலர் மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள். கடைசியாக ஒரு தடவை முயற்சி செய்யலாம் என்று புத்தி போனது. காக் சோமிடம் போய் ஒரு கைப்பிடி நெத்திலி கேட்டேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள். "இன்னைக்கா? நிச்சயமா?" என்றாள். பாலிதீன் பையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டேன். பெருமாள் மன்னிப்பார், சரோஜாவுக்குத் தெரியாது. இதுதான் என் கணக்கு.

டத்தோவுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டிலிருந்தே வாலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். ஹாலுக்குள் நுழைந்தேன். நான் ஒன்றுமே சொல்லவில்லை, அவனாக உட்கார்ந்தான். அவனாகச் சலாம் கொடுத்தான். நான் நெத்திலியை எடுக்கத் தாமதம், அவ்வளவுதான், என் சட்டையில் ஏறிவிட்டான். பை கிழிந்தது. நெத்திலி சாமி மேடை முன்னால், விளக்குக்கு அடியில், துளசி மேலெல்லாம்.

சரோஜா எழுந்தாள். தொங்காட் இல்லாமல், சுவரைப் பிடித்து. முகம் சிவந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து. எனக்குப் பயம், மறுபடி ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

"வெ..." என்றாள். "வெளிய!"

நான் நின்றேன். டத்தோவும் நின்றான், வாயில் ஒன்றைக் கவ்விக்கொண்டு.

"போ! வெளிய போ!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை 'போ' என்று சொன்னதில்லை. டத்தோவையும் சொன்னதில்லை. நாங்கள் இருவரும் போனோம். பின்னால் துடைப்பம் இழுபடும் சத்தம். இடது கையால் பெருக்குகிறாள். உதவப் போனால் தெரியும் சேதி.

படியில் உட்கார்ந்தேன். டத்தோ பக்கத்தில் உட்கார்ந்து தின்றான்.

மலர் கார் வந்து நின்றது. சென்டர் ஃபைல் கக்கத்தில். "ஏம்பா நாமத்தோட வெளிய உக்காந்திருக்கீங்க?"

"உங்கம்மா போகச் சொல்லிட்டாம்மா."

"சைகையிலயா?"

"வாயால."

ஃபைலை என் மடியில் போட்டுவிட்டுச் செருப்போடு உள்ளே ஓடினாள். உள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்கிறது. யாருடையது என்று தெரியவில்லை, இரண்டு பேருடையதாகவும் இருக்கலாம். அந்த ஃபைலை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

போய்ப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. போகமாட்டேன். கண்ணைக் காட்டினால் போதும் என்று இத்தனை நாள் ஓடியாகிவிட்டது. கூப்பிடட்டும். டத்தோவும் நகரவில்லை.