பூனை மேல் போட்ட பழி

என்னங்க,

திருவேட்டக்குடிக்குச் சந்திரா அக்காவைப் பார்க்கப் போறேன். சாயங்காலம் வந்துடுவேன்.

சின்னக் கிண்ணத்துல பால்சுறாப் புட்டு மூடி வச்சிருக்கேன். பிள்ளை பெத்தவளுக்குத்தான் இதைச் செய்வாங்க. உடம்பு இளைக்கணும்னு வயித்தைச் சின்னதாக்கி ஆபரேஷன் பண்ணிக்கிட்டவருக்கும் செய்யலாம்னு நானா முடிவு பண்ணிட்டேன். குழந்தைக்கு ஊட்டுற ஸ்பூனால எடுத்து, நல்லா மென்னு சாப்பிடுங்க. நடுவுல தண்ணி குடிக்காதீங்க.

நெரவியிலேருந்து உங்க அத்தை வந்தா, "இப்படி எளைச்சுப் போயிட்டியேப்பா"ன்னு அல்வாவை நீட்டுவாங்க. கையில வாங்கிக்குங்க, வாயில வைக்காதீங்க.

முந்தாநாள் வறுத்த சங்கரா மீனைப் பூனை தின்னுடுச்சுன்னு சொன்னீங்களே, நம்ம பூனை எப்பலேருந்து முள்ளைப் பிரிச்சுத் தட்டு ஓரமா அடுக்கி வைக்குது? அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நெளிஞ்சதும் பூனைதானா? அதுலேருந்து நான் பேசாம இருக்குறது கோவத்துல இல்ல, பயத்துல.

மலர்க்கொடி

இன்னொண்ணு. அந்த மீன் நான் எனக்காக வறுத்தது. நீங்க ரெண்டு வாயோட நிறுத்திக்கிறப்ப உங்க எதிர்ல சாப்பிட மனசு வராம, அடுக்களையில ஒளிச்சு வச்சிருந்தேன். இனிமே உங்க பக்கத்துலயே உக்காந்து சாப்பிடுறேன். நீங்க எனக்கு முள் எடுத்துக் குடுங்க.